நான் உட்கார்ந்தே பார்க்காத சீட்

போன வருஷம் கோடையில், ஆவடியில் நடந்தது இது. சொந்தமாக ஒரு பழைய காரை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவள் நான். அதற்கு முன்னால் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். ஏன் மாறினாய் என்று கேட்பவர்களிடம், "மிஷின் முன்னாடி உட்கார்ந்தா சுவர்தான் தெரியும்" என்பேன். கார் என்றால் ஆட்கள். அவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகள் எனக்கு உயிர். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகப் பாதி அடைத்த சாலையில் மாட்டிக்கொண்டபோது ஒருவர், "இது ரோடு இல்லம்மா, வெயிட்டிங் ரூம்" என்றார். இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் பின்னால் இருப்பவர்களைச் சமாதானப்படுத்துகிறேன்.

பேச்சுக்காகவே நான் காத்திருக்கும் பயணி ஒருவர் உண்டு. திருநின்றவூர்க்காரர், கோயம்பேட்டில் வாழைத்தார் வியாபாரம் செய்தவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். கூட்டிப்போய்க் கூட்டி வருவது நான். அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலைசுற்றும், அதனால் முன் சீட்டில், என் பக்கத்தில்தான்.

அந்த சீட் இருந்த லட்சணம்தான் சொல்லும்படியாக இல்லை. வண்டியை வாங்கும்போதே லெதர் வெளிறிப்போயிருந்தது. வெயிலில் நின்று நின்று மடிப்பெல்லாம் வெடித்து, ஓரங்கள் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டன. "இன்னா தங்கச்சி, உன் சீட்டுக்கு இன்னிக்கு சோறு போடலியா, கடிக்குது" என்பார். நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

ஒருநாள் காலையில் அண்ணி போன் செய்தார். அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாராம்.

"ஊசி கூட பரவால்லியாம்மா. போற வழிதான் தாங்கலியாம். ஒடம்புல சதை எங்க கீது, எலும்புதான உக்காருது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு திணறும் என்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து காத்திருந்து எனக்குத் தெரியும். அன்றைக்கு எப்படியோ கெஞ்சி அழைத்துப் போனோம். இறங்கும்போது அண்ணி மெதுவாக, "கோச்சுக்காத, வேற வண்டி பாக்கலாமான்னு இருக்கு" என்றார். நல்ல பயணியை இழப்பது ஒரு பக்கம். என் சீட்டுக்குப் பயந்து ஒருவர் வைத்தியத்தை விடுவதா?

பூந்தமல்லியில் சீட் கடையில் கேட்டேன். வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அதற்குள் அண்ணனுக்கு மூன்று தடவை போகவேண்டுமே. நானே மாற்றிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறார், குவார்ட்டர்ஸ் வீடு.

"இது ப்ளவுஸ் இல்ல தெரியுமா?" என்றார்.

"அதனாலதான் சுலபம். கை இறுக்குது, கழுத்து இறங்குதுன்னு சீட் சண்டைக்கு வராது."

தோல் கடைகள் நிறைந்த பெரியமேட்டுக்குப் போய்க் கறுப்பு லெதர் வாங்கி வந்தேன். அண்ணனுக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாளில் அடியிலிருந்த போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டை வராந்தாவில் இறக்கினோம். பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டினேன். பழக்கதோஷத்தில் முதல் துண்டில் குண்டூசி குத்திவிட்டேன். துணி என்றால் ஓட்டை மூடிக்கொள்ளும், தோல் மூடாது. அந்தத் துண்டு வீண். பிறகு துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுப் பிடித்து, மிஷின் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, ஒவ்வொரு தையலாக ஓட்டினேன். சாயங்காலம் சீட் வண்டியில் ஏறியபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மறுநாள் அண்ணன் தடவிப் பார்த்தார். "கல்யாண மாப்பிள்ள சீட்டு மாதிரி கீது" என்றார். நான் பட்டாபிராம் வரைக்கும் பெருமையில் பேசிக்கொண்டே போனேன்.

திரும்பி வரும்போதுதான் கவனித்தேன். பள்ளம் வரும் முன்னாலேயே ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொள்கிறார். இறங்கியதும் பார்த்தால், சீட்டில் நாலாக மடித்த அவருடைய துண்டு.

"சீட்டு சரியாதான் கீது தங்கச்சி. ஒடம்புதான் சரியில்ல."

என் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார். வீட்டுக்கு வந்து சீட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் பொட்டில் அறைந்தது போல ஒன்று உறைத்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து நான் உட்கார்ந்தது டிரைவர் சீட்டில் மட்டும்தான். அந்தப் பக்கம் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

கணவரிடம் சாவியைக் கொடுத்தேன். "நீங்க ஓட்டுங்க, நான் இந்தப் பக்கம்."

"எதுக்கு, ஊர்வலமா?"

"திருநின்றவூர் வரைக்கும் போங்க. பள்ளத்தை ஒதுக்காதீங்க."

"ஒதுக்கலைன்னாத் திட்டுவ, இன்னிக்கு இறக்கச் சொல்றியா" என்று சொல்லிக்கொண்டே நன்றாகவே இறக்கினார். பட்டாபிராம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்ததும் இடுப்புக்குக் கீழே சுருக்கென்று ஒரு குத்து. நான் சதைப்பிடிப்பான ஆள். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த பள்ளத்தில் அதே இடத்தில் மறுபடியும். வலித்த இடத்தில் கையை வைத்தபடியே வீடு வரைக்கும் வந்தேன். இத்தனை நாளும் இதில் உட்கார்ந்துகொண்டுதான் அந்த மனுஷர் என்னைச் சிரிக்கவைத்தார்.

நான் இழைத்து இழைத்துத் தைத்ததை நானே கழற்றினேன். உள்ளே சீட்டைத் தாங்குகிற கம்பிகளில் ஒன்று வெல்டிங் விட்டு, முனை மேலே பார்த்து நின்றது. அந்த இடத்தில் ஸ்பாஞ்ச் தேய்ந்து பொடியாகிவிட்டது. லெதரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அடியில் கை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பட்டறையில் கம்பியைப் பற்றவைத்து, புது ஸ்பாஞ்ச் ஒட்டினோம். இப்போது உறை ஏறமாட்டேன் என்றது. ஸ்பாஞ்ச் நிமிர்ந்துவிட்டதே.

"பிரிச்சுப் பெருசாத் தை" என்றார் கணவர். பிரித்தால் பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக இளிக்கும். லெதரும் மீதமில்லை, அண்ணனை மறுநாள் கூட்டிப்போக வேண்டும். உறையை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் உச்சி வெயிலில் விரித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் துணி எடுக்க வந்தவள், "இன்னாக்கா, எல்லாரும் வடகம் காய வெப்பாங்க, நீ சீட்டக் காய வெச்சுகினு கீற" என்றாள். "பொரிச்சதும் உனக்கும் தரேன்" என்றேன்.

தொட்டால் சுடுகிற பதத்தில் அது ரப்பர் மாதிரி இளகியிருந்தது. ஸ்பாஞ்ச் மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு, அதன் மேல் உறையை வழுக்கவிட்டு, கணவர் இழுக்க, நான் முட்டி போட்டு அழுத்த, அங்குலம் அங்குலமாக ஏறியது. என் விரல் நகங்கள் அதற்குச் சாட்சி. மறுபடியும் உட்கார்ந்து, அதே பள்ளங்களில் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் கம்பிக் கதையைச் சொல்லாமலேயே அண்ணனை ஏற்றிக்கொண்டேன். போகும்போது அவர் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார், சீட்டைப் பற்றி மட்டும் இல்லை. திரும்பும் வழியில், ஆவடி தாண்டியதும் பேச்சு நின்றது. பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். எப்போதும் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கை மடியில் கிடந்தது. துண்டு தோளில் இருந்தது.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, ஏசியை அணைக்காமல் இருந்தேன். அண்ணி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே காத்திருந்தோம். கண் விழித்தவர் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு எழுப்பல? வெயிட்டிங் சார்ஜ் போடறியா?"

அவர் இன்னும் அதே சீட்டில்தான் வருகிறார். நானும் அவ்வப்போது கணவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஏறிக்கொள்கிறேன், ஏனென்றால் ஒருவர் என் வண்டியில் எப்படி வருகிறார் என்பது ஸ்டியரிங் பக்கம் இருந்து பார்த்தால் தெரியாது என்பதை இடுப்பில் வாங்கிய அந்தக் குத்து எனக்கு இன்னும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது.