தாலிக்கொடியில் தோரியம்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்துத் தொண்டை வற்றியதுதான் எனக்கு மிச்சம். ஊரார் பிள்ளைகள் எல்லோருக்கும் விளங்கியது, நான் பெற்றதற்கு விளங்கவில்லை.

மகள் கலியாணம் கட்டிப் போனது கொட்டாஞ்சேனைக்கு. வயிற்றில் ஐந்து மாதம். அவளுடைய மாமியார், என் சம்பந்தியம்மா, 'சக்தி பென்டன்' என்று கழுத்தில் தொங்கவிடுகிற ஒரு கறுத்த வட்டை விற்றுத் திரிகிற மனுசி. மூட்டு நோவுக்கும் அதுதானாம், நித்திரை வராவிட்டாலும் அதுதானாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதென்று ஒன்றை மருமகளின் தாலிக்கொடியிலேயே கோர்த்துவிட்டாள். வெள்ளவத்தையில் பாதிப் பெண்கள் கொடியை வங்கி லொக்கரில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அந்த வீட்டில் அது நடக்காது. குளித்தாலும் படுத்தாலும் கொடி கழுத்தில் கிடக்க வேண்டும்.

இப்படியான பென்டன்களில் கதிர்வீசும் தோரிய மணல் இருப்பதாக வெளிநாட்டில் கண்டுபிடித்ததை வாசித்திருந்தேன். சம்பந்தியிடமே ஒன்று வாங்கி, ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவியிடம் கொடுத்தேன்.

"தோரியம்தான் ரீச்சர்," என்றாள். கதிர்வீச்சு அளக்கும் சின்னக் கருவி ஒன்றையும் இரவல் தந்தாள்.

தோரியம் அவசரப்படாத சாமான். பாதி அழியவே ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு வேண்டும். அதன் ஒட்சைட்டு தண்ணீரில் கரையாது, அடுப்பு நெருப்பில் உருகாது. அது விடும் அல்பாக் கதிரை ஒரு கடதாசி மறித்துவிடும், பிறகென்ன பயம் என்று கேட்பவன் மடையன். அது சிதைந்து சிதைந்து ஈயமாகி அடங்கும்வரை வழியில் பிறப்பவை பீற்றாவும் காமாவும் விடும். காமாவுக்குச் சட்டையும் தோலும் ஒரு பொருட்டா? அந்தச் சனியன் இரவும் பகலும் என் பிள்ளையின் நெஞ்சில் கிடந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போய், சம்பந்தியின் கண்முன்னே கருவியை மகளின் நெஞ்சருகே பிடித்தேன். டக்டக்கென்று விடாமல் அடித்தது. மனுசி பயந்து போவாள் என்று பார்த்தால், கைதட்டினாள்!

"பாத்தியே பிள்ளை? சக்தி இருக்கெண்டு கொம்மாட மெசினே சொல்லுது." போனை எடுத்து வீடியோவும் பிடித்தாள், விற்கிற இடத்தில் காட்ட.

எனக்கு உச்சியில் ஏறியது. "அது சக்தியில்லை, நஞ்சு! வயித்தில பிள்ளை கிடக்கு, கழட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு மகளின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"தாலியில கை வைக்கிறியளோ? உங்கட புருசனைத் திண்டது காணாதே? இப்ப என்ர மகனோ?"

என் கணவர் போய் இரண்டு வருடம். அந்தச் சொல் நெஞ்சைக் கிழித்தது. ஆனாலும் மகள் வாய் திறப்பாள் என்று நின்றேன். என்னிடமே படித்து இரசாயனவியலில் ஏ எடுத்தவள், அரைவாழ்வுக் கணக்கு ஒன்றையும் பிழைவிடாதவள்.

அவள் இரண்டு கையாலும் கொடியைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

"மாமி வேணுமெண்டாக் கழட்டட்டும். நீங்கள் தொடாதேங்கோ, அம்மா."

மாமி கழற்றவில்லை.