எதிர்பார்க்கும் விடை

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் சகாயசெல்வி டீச்சர் உலையை வைத்துவிட்டுச் சமையலறை மேசையில் பாடக்குறிப்பு நோட்டை விரித்துவிடுவார். வருகிற வாரம் வகுப்பில் என்ன நடத்தப் போகிறோம் என்பதைக் கட்டம் கட்டமாக எழுதி, திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்னே தலைமை ஆசிரியையான சிஸ்டரின் மேசையில் வைத்தாக வேண்டும். கையெழுத்து விழாத நோட்டோடு வகுப்புக்குள் நுழைய முடியாது. திண்டுக்கல்லில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதே சட்டம்தான். பெரும்பாலான வாத்தியார்கள் போன வருட நோட்டை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுவார்கள். குறை சொல்வதற்கில்லை, நாற்பது நிமிடப் பாடத்துக்கு நான்கு பக்கம் எழுதச் சொன்னால் மனுசன் வேறென்ன செய்வான்?

சகாயசெல்வி டீச்சர் அப்படி இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் அவருடையது. அவரிடம் வந்த பிள்ளைகள் எல்லாம் தமிழ் வழிப் பிள்ளைகள். ஆங்கிலக் கவிதை என்றால் பயந்து பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொள்ளும் ரகம். அதனால் எந்த வரியில் நிறுத்துவது, எந்த இடத்தில் தமிழில் ஒரு வார்த்தை சொல்வது, கரும்பலகையில் எந்த மூலையில் படம் போடுவது என்பது வரை எழுதிவிடுவார். நோட்டில் கடைசிக்கு முந்தைய கட்டம் 'ஆசிரியர் கேட்கும் வினா'. கடைசிக் கட்டம் 'எதிர்பார்க்கும் விடை'. மற்றவர்கள் அதில் 'மாணவர் விடையளிப்பர்' என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். இவர் மாணவி வாயால் வரப்போகும் வாக்கியத்தையே எழுதி வைப்பார். பத்துக்கு எட்டுத் தடவை அப்படியே வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த நோட்டுக்கு முதல் வாடிக்கைக்காரர் தங்கமுத்து சார். வடமதுரைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. படித்தது வரலாறு. ஆங்கில வாத்தியார் பணியிடம் வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்ததால் அவர் தலையில் ஆங்கிலத்தைக் கட்டிவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் மஞ்சப்பையோடு டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்குவார். ஆங்கிலக் கவிதையைவிடப் பானிப்பட்டுப் போர் எவ்வளவோ சுளுவு, அதில் யார் செத்தார்கள் என்றாவது தெரியும் என்று சொல்லி டீச்சரைச் சிரிக்க வைப்பார். வரி விடாமல் காப்பி அடித்துக்கொண்டு, காப்பித் தண்ணி குடித்துவிட்டுக் கிளம்புவார். நல்ல மனுசன்தான்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஆடி மாதம் ஒரு கவிதை வந்தது. எழுதியவர் பெயர் தெரியவில்லை என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. எங்கோ குளிர்தேசத்துக் கடற்கரையில் ஒரு மீனவன் பெண்டாட்டி, கடலுக்குப் போய்த் திரும்பாத புருசனுக்குத் தினமும் இரவில் ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான் கவிதை. டீச்சர் படித்தார், விளக்கினார், கடல் படம் போட்டார். பிள்ளைகள் கண்ணைக் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வராத ஆளுக்கு இவள் ஏன் தட்டு வைக்கிறாள் என்று நோட்டில் இருந்தபடி கேட்டார்.

செத்த நேரம் கழித்து ஜன்னலோரம் இருந்த தீபா எழுந்தாள். வடமதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பிள்ளை. சிஸ்டர்களின் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். அதுவரை அந்த வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"எங்க அம்மாவும் வைக்கும் டீச்சர். அப்பா கெணறு தோண்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு செத்துப்போனாக. ரெண்டு வருசமாச்சு. இன்னமும் அவுக வட்டில எடுத்து வச்சிட்டுத்தான் எங்களுக்குச் சோறு போடும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் அழுதாள். டீச்சர் ஒரு நிமிடம் போல அப்படியே நின்றார். பிறகு கவிதையை மறுபடி முதலிலிருந்து படித்தபோது ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் புத்தகத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடச் சர்வீசில் அப்படி ஒரு வகுப்பு அவருக்கு வாய்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நோட்டை எடுத்தார். கடைசிக் கட்டத்தில் 'அவள் கணவனை நேசித்ததால்' என்று மொண்ணையாக ஏதோ எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, 'என் தந்தை கிணற்றில் இறந்துவிட்டார். என் தாய் இன்றும் அவருக்காக ஒரு தட்டை எடுத்து வைக்கிறார்' என்று இரண்டு சின்ன ஆங்கில வாக்கியங்களை எழுதினார். கீழே, 'இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கவும்' என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். பெயர் போடவில்லை. பிள்ளையைக் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கமுத்து சார் வந்து வழக்கம்போல வரி விடாமல் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு நடந்ததில் யாரையும் பிடித்துக் குற்றம் சொல்ல முடியாது. தங்கமுத்து சாரிடமிருந்து இன்னொருவர் வாங்கினார். அவரிடமிருந்து ஒட்டன்சத்திரம் பக்கம் போனது. இரண்டு வருடத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நைனா முகமது, யாரோ கொடுத்த நோட்டை முழுசாகப் பிரதி எடுத்து, நீல அட்டை போட்டு வைத்துக்கொண்டார். ஆங்கிலப் பாடக்குறிப்பு, ஒன்பதாம் வகுப்பு, தயார் நிலையில் என்று அட்டையில் இருந்தது. பி.எட். படிக்கிற பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. ஒரு நாள் கடையில் அதைப் புரட்டிப் பார்த்த டீச்சர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இரண்டாயிரத்தொன்றாம் வருடம் தங்கமுத்து சார் பள்ளிக்கு ஆண்டாய்வு வந்தது. அதிகாரியோடு சேர்ந்து பாடத்தைப் பார்வையிட, பாடத்துக்கு ஒருவராக வேறு பள்ளி ஆசிரியர்களையும் அழைப்பது வழக்கம். ஆங்கிலத்துக்குச் சகாயசெல்வி டீச்சர். ஆய்வு என்றால் ஒரு வாரம் முன்பே வகுப்பில் ஒத்திகை நடந்துவிடும் என்பது அதிகாரிக்கும் தெரியும். தங்கமுத்து சார் அந்தக் கவிதையைத்தான் எடுத்தார். கடல் படம் அதே மூலையில் இருந்தது. வினா கேட்டார். முன் பெஞ்சிலிருந்து ஒரு துறுதுறுப்பான பிள்ளை எழுந்து, தன் தந்தை கிணற்றில் இறந்துவிட்டார், தன் தாய் இன்றும் தட்டு வைக்கிறார் என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். தங்கமுத்து சார் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். அதிகாரி கைதட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது அதே பிள்ளை பள்ளிக் கேட் பக்கத்தில் நின்றாள். சைக்கிளில் தூக்குவாளி கொண்டு வந்திருந்த அப்பாவிடம், ஆபீசர் கைதட்டியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இலையில் உட்கார்ந்த டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே தங்கமுத்து சார் பக்கம் திரும்பினார். அந்தப் பிள்ளையை ஏன் எழுப்பி நிறுத்தினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

தங்கமுத்து சார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "அந்த வரிக்கு எப்பவுமே தைரியமான புள்ளையாப் பாத்துத்தான் நிறுத்துறது டீச்சர். ஒரு வருசம் நெசமாவே அப்பா இல்லாத புள்ளைய நிறுத்திப்புட்டேன். சொல்ல மாட்டாம அழுதுருச்சு. பாடம் முடியல."

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று இரவு கணவர் பிராங்கிளினிடம் சொன்னார். அவர் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள். பேர் போடவில்லையே, பிறகென்ன என்றார். சனிக்கிழமை டீச்சர் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முழங்காலில் நின்றபோதுதான் இது பத்துக் கட்டளையில் எதில் வருகிறது என்று தெரியாமல் திணறினார். களவு என்றால் எதைக் களவெடுத்தார்? பொய் என்றால் அது உண்மைதானே? புதிதாக வந்த இளம் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் பாவம் எதுவும் தெரியவில்லையம்மா, ஆனாலும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்கள் என்றார். மூன்றையும் சொன்னார். மனசு ஆறவில்லை.

நைனா முகமது கடைக்குப் போய் அந்த நீல அட்டை நோட்டை விற்க வேண்டாம் என்று கேட்டார். அவர் பதறிப்போய், டீச்சர் எழுதியதென்று தெரியாதே என்று மிச்சம் இருந்த பதினொரு பிரதிகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் ஊரில் ஏழு கடைகளில் நீல அட்டை தொங்கியது. டீச்சர் அந்தப் பாடத்துக்கு வேறு குறிப்பு எழுதித் தங்கமுத்து சாரிடம் கொடுத்தார். அவர் மரியாதையாக வாங்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். நடத்தியது என்னவோ பழையதைத்தான். ஆபீசரே கைதட்டிய பாடத்தை எந்த வாத்தியார் மாற்றுவார்?

இரண்டாயிரத்து மூன்றில் ஐப்பசி மழை நேரத்தில், பி.எட். பயிற்சி மாணவிகள் ஆறு பேர் பள்ளிக்கு வந்தார்கள். நாற்பது நாள் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். அவர்கள் எழுதும் குறிப்பில் பள்ளி ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். ஆங்கிலத்துக்கு வந்தவள் சேலையும் கைப்பையுமாக வளர்ந்து நின்றாள். தீபா. டீச்சரைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நீல அட்டை இல்லாத பி.எட். மாணவி அந்த வருடம் ஊரில் கிடையாது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பக்கத்தை இவள் பார்த்துவிடுவாள். அவள் பார்ப்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் ஒவ்வொரு நாளும் நினைத்தார். ஒவ்வொரு நாளும் வேறு எதையாவது பேசிவிட்டு வந்தார். உரைநடைப் பாடமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். இருபத்தைந்து நாள் அப்படியே ஓடிற்று. கவிதை ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று கல்லூரியில் கேட்கிறார்கள் என்றாள் தீபா. புத்தகத்தில் மிச்சமிருந்த கவிதை அது ஒன்றுதான். சரி என்பதைத் தவிர டீச்சரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆசிரியர் அறையில் தீபா நோட்டை நீட்டினாள். டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். கடைசிக் கட்டத்தில், தீபாவின் உருண்டைக் கையெழுத்தில், அந்த இரண்டு வாக்கியங்கள் இருந்தன. அடியில் ஒரு நிமிடக் குறிப்பும் இருந்தது.

"இது நான் எழுதுனது தீபா," என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர்."

எப்போதிலிருந்து என்று கேட்டார். தீபா நின்றபடியே சொன்னாள். அவள் தங்கை ஹாஸ்டலுக்கு வராமல், ஊரிலிருந்தபடியே தங்கமுத்து சார் பள்ளியில்தான் படித்தாளாம். ஒன்பதாவதில் அந்த விடையைச் சொல்ல அவளைத்தான் நிறுத்தினாராம். வகுப்பில் அழுதுவிட்டதால், மறுநாளாவது சரியாகச் சொல்வதற்காக, சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். அடுப்படியில் இருந்த அம்மா மூக்காயி, என்னத்தடி சொல்லிச் சொல்லி அழுகிறாய் என்று கேட்டிருக்கிறார். தங்கை தமிழில் சொல்லியிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்குள்ள நடக்கறது எப்படி புத்தகத்துல வந்துச்சுன்னு அம்மா கேட்டுச்சாம். தங்கச்சிக்குப் பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரிலருந்து அம்மா வட்டில் எடுத்து வைக்கல டீச்சர்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்த டீச்சர், அதைச் சொல்லாமல், இதைத் தெரிந்துகொண்டுமா இங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"அந்தக் கட்டம் காலியா இருந்தா காலேஜ்ல மார்க்க கொறச்சிருவாக. எனக்கு அந்தக் கேள்விக்கு வேற பதில் தெரியாது டீச்சர்." நோட்டை டீச்சர் பக்கம் நகர்த்தினாள். "அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா, எழுதிக்கங்க டீச்சர்னுதான் சொல்லிருப்பேன்."

மணி அடிக்கப் போகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றாள். டீச்சர் போட்டார்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தீபா நன்றாகவே நடத்தினாள். கடல் படத்தைக்கூட டீச்சர் போடும் மூலையிலேயே போட்டாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, நீல அட்டையை வீட்டில் படித்து வந்தவள்போல, சட்டென்று எழுந்தாள். என் தந்தை கிணற்றில் இறந்துவிட்டார், என் தாய் இன்றும் அவருக்காக ஒரு தட்டை எடுத்து வைக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள்.

"சரி, உட்காரு," என்றாள் தீபா.

குறிப்பில் எழுதியிருந்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தார்கள், ஒருத்தி பென்சில் சீவினாள். சகாயசெல்வி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, அந்த நிமிடம் முடியட்டும் என்று காத்திருந்தார்.