ஹஃப்ஸா சுருட்டிய பந்தி

கையில் இருந்த எலும்பை ஹஃப்ஸா பிடுங்கிவிட்டாள் என்று சொல்கிறார்களே, அது சுத்தப் பொய். எலும்பு கையில் இல்லை, தட்டில் இருந்தது. தட்டு மேசை மேல் இருந்தது. எடுத்ததும் ஹஃப்ஸா இல்லை. அவள் அந்த நேரத்தில் முப்பதடி தள்ளி, சமையல்கட்டு வாசலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். ஆம்பூரில் பாதிப் பேர் அன்றைக்கு அந்தக் கல்யாணத்துக்கு ஷாதி மஹாலில் இருந்தார்கள். வராத மீதிப் பாதிப் பேருக்குத்தான் நடந்தது எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முன்னால் பேசிய பேச்சும் இதே லட்சணம்தான். யாரோ ஒரு பையன் காதில் நாலு மணி நேரம் விடாமல் பேசுகிறாளாம், அதற்குச் சம்பளமும் தருகிறார்களாம் என்று எதிர்வீட்டு ஹலீமா பீ தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். பேசினது உண்மை. அந்தப் பையன் பெயர் புகழேந்தி, குடியாத்தத்துக்காரன், ரேஸ் கார் ஓட்டுகிறவன். ஓட்டுகிறவனுக்கு எதிரில் இருக்கிற ரோடு தெரியும், அதோடு சரி. டயர் எவ்வளவு சூடேறியிருக்கிறது, பெட்ரோல் இன்னும் எத்தனை சுற்றுக்கு வரும், எந்தச் சுற்றில் உள்ளே வந்து டயர் மாற்றினால் நல்லது, இதையெல்லாம் ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற இன்ஜினியர் பார்த்து அவன் காதில் சொல்ல வேண்டும். அந்த இன்ஜினியர்தான் ஹஃப்ஸா. அவள் உள்ளே வா என்றால் வருவான். மெதுவாகப் போ என்றால் போவான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டான். இந்த விவரம் தெரிந்த பிறகு தெருவில் பாதிப் பெண்களுக்குக் கோபமே போய்விட்டது. இப்படிச் சொன்னபடி கேட்கிற ஆம்பிளையை எங்கே பிடித்தாள் என்று விசாரித்தவர்களும் உண்டு.

அவளாக ஒன்றும் தேடிப் போகவில்லை. வேலூரில் இன்ஜினியரிங் படித்தபோது கூடப் படித்த பையன்கள் சேர்ந்து ஒரு குட்டி ரேஸ் கார் செய்தார்கள். சீட்டுக்குத் தோல் வேண்டும், ஆம்பூர் பெண் இருக்கிறாளே, கேட்டுப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். அவள் அப்பா நயீம் அகமதுவுக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. தோல் மேல் உள்ளங்கையை ஒரு தரம் ஓட்டினால் போதும், இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். அவர் கொடுத்த துண்டுத் தோலை ஒரு மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அக்கம்பக்கத்து சீட்டெல்லாம் காலி. தோலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கார் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, இது உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதே, சக்கரம் சாய்ந்து நிற்கிறதா என்று கேட்டாள். அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவளை அந்த ஷெட்டைவிட்டு யாரும் போகவிடவில்லை, அவளும் போகவில்லை.

படிப்பு முடிந்து மூன்று வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ரேஸ் நடக்கும்போதெல்லாம் போய் வந்தாள். புகழேந்தியின் வண்டிக்கு இன்ஜினியர் ஆனது அப்போதுதான். பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெரிய டீம் கூப்பிட்டது. வருஷம் முழுக்க வேலை, அங்கேயே தங்க வேண்டும், ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும் என்று கடிதம். ஹஃப்ஸா அந்தக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டிவிட்டு நின்றாள். உயிரே அதில் இருப்பது போல நின்றாள்.

நயீம் அகமது முடியாது என்று சொல்கிறவர் இல்லை. சரி என்றும் சுலபத்தில் சொல்ல மாட்டார். பெரிய மகள் அஃப்ரோஸுக்கு அதற்குப் பத்து நாள் முன்னால், இருபதாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை பேரணாம்பட்டு. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா கல்யாணம் ஊர்ல ஒரு பேச்சு இல்லாம முடியட்டும். அப்புறம் நீ போ."

கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆம்பூரில் பேச்சில்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. நயீமின் அண்ணன் ஷபீ அகமது வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு பிரியாணி ஆறிப்போய்விட்டது. பதினோரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் லாங் பஜாரில் ஷபீ அகமது என்றால் எந்த ஷபீ என்று கேட்பார்கள். ஆறின சோறு ஷபீ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

சோறு ஆறாவிட்டால் பேச்சு இல்லை, பேச்சு இல்லாவிட்டால் கோயம்புத்தூர் என்று ஹஃப்ஸா முடிவு கட்டினாள். ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு மூன்று கல்யாணத்துக்குப் போனாள். ஒருவர் சாப்பிட பதினொரு நிமிஷம். மேசையைத் துடைத்து அடுத்த பந்தியை உட்கார வைக்க பதினாலு நிமிஷம். சாப்பிடுவதைவிடத் துடைப்பதற்கு ஜாஸ்தி நேரம் பிடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டு அன்றைக்கெல்லாம் ஹஃப்ஸா சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி பிடிக்க வருகிறவர்கள் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் எத்தனை கறி எடுத்தார் என்று பார்க்கிற வழக்கத்தினாலும் நேரம் போகிறது என்று குறித்துக்கொண்டாள்.

ரேஸ் ஓட்டுகிறவன் ஹெல்மெட் கண்ணாடி மேல் மெல்லிய தாள்களை அடுக்கி ஒட்டியிருப்பான். எண்ணெய் தெறித்தால் மேல் தாளை உரித்து எறிவான், அடியில் இன்னொன்று பளிச்சென்று இருக்கும். அதையே மேசைக்குச் செய்தாள். ஒவ்வொரு மேசையிலும் ஐந்து காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். பந்தி முடிந்ததும் மேல் காகிதத்தைத் தட்டு, தயிர் வெங்காயம், எலும்பு எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு போக வேண்டியது. அடியில் புது மேசை தயார். சுருட்டுவதற்கு புகழேந்தியும் டயர் மாற்றுகிற நாலு மெக்கானிக்குகளும் வந்தார்கள். ஆண்கள் பக்கம் அவள் போக முடியாது. அதனால்தான் சமையல்கட்டு வாசலில், திரைக்கு மேல் கண் மட்டும் தெரிய, நாற்காலியில் நின்று வாக்கி டாக்கியில் பேசினாள். சோறு தீர்ந்து எலும்பு மட்டும் இருந்தால் பந்தி முடிந்தது என்று எண்ணிக்கொள்ளச் சொன்னாள்.

முதல் பந்தி முடிந்து மேசை மாற ஒன்றே முக்கால் நிமிஷம். பிரியாணி மாஸ்டர் அடுத்த தேக்சாவின் தம்மை உடைத்து மூடியைத் திறப்பதற்குள் ஆட்கள் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நயீம் அகமது வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கக் குனிந்தவர், நிமிர்வதற்குள் அதே ஆட்கள் பீடா மென்றுகொண்டு வெளியே போனார்கள். இரண்டரை மணிக்கு ஐந்து பந்தியும் முடிந்துவிடும் என்கிற நிலை.

நாலாவது பந்தியில் ஏழாம் மேசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா அப்துல் ஹமீத் உட்கார்ந்திருந்தார். சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, நல்லி எலும்பை மட்டும் தட்டோரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, பின்னால் இருந்தவரிடம் திரும்பித் தோல் விஷயமாக நாலு வார்த்தை பேசினார். புகழேந்தி பார்த்தான். சோறு இல்லை, எலும்பு இருக்கிறது. ஏழு முடிஞ்சுது என்றான். எடு என்றாள் ஹஃப்ஸா.

அப்துல் ஹமீத் திரும்பியபோது எதிரில் புதுக் காகிதம், புதுத் தட்டு. பக்கத்தில் வேறு ஆட்கள். எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பாதியில் எழுந்தால் அந்த ஹாலில் யார் உட்கார்ந்திருப்பார்கள். நயீம் அகமது ஓடி வந்தார்.

"நல்லிய கடைசியில ருசியா சாப்பிடலாம்னு வச்சிருந்தேன் பாய்," என்றார் அப்துல் ஹமீத். "திரும்பறதுக்குள்ள என்னையே சுருட்டியிருப்பாங்க. மயிரிழையில தப்பிச்சேன்."

வேறு மூன்று நல்லி கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பிட்டார். சாப்பிட்டது யாருக்கும் ஞாபகமில்லை, எழுந்ததுதான் ஞாபகம். ஐந்து பந்திக்கும் ஆவி பறக்கச் சோறு போட்ட கல்யாணம் அது. ஒரு ஆள் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. மெல்லுவதற்குள் விரட்டினார்கள் என்றும், பெண் வீட்டில் சோறு கம்மி போலிருக்கிறது என்றும் சாயங்காலத்துக்குள் பேரணாம்பட்டு வரை போய்விட்டது.

தப்பு எங்கே என்று ஹஃப்ஸா இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவிடம் வந்து, மூன்று கல்யாணத்திலும் தான் நேரம் எடுத்தது பெண்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டாள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவளுக்கு நல்லியைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்க ஏது நேரம்? பதினொரு நிமிஷம் என்பது அவர்கள் கணக்கு. ஆம்பிளைகளுக்கு எலும்புக்கே தனியாக ஆறு நிமிஷம் விட்டிருக்க வேண்டும். அதை யோசிக்காதது அவள் தப்புதான், அந்த ஒன்றை ஒத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கிடையாது.

பேச்சு வந்துவிட்டது, பேசியபடி நான் போகவில்லை என்று அவளே சொன்னாள். கோயம்புத்தூருக்கும் வரவில்லை என்று எழுதிப் போட்டாள். காதில் மாட்டுகிற ஹெட்செட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். அழுதிருந்தால் தேவலை. அம்மாவை அவள் அம்மி என்றுதான் கூப்பிடுவாள். அம்மி வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகிறது என்றுகூடச் சொல்லவில்லை. அதைத்தான் அம்மியால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தது. கொண்டுவந்த மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எழும்போது ஒரே மாதிரி இழுத்தார்கள். கடைசியாக வந்தவள் ஹலீமா பீ, பேரனுக்கு அடுத்த மாதம் பதினாலாம் தேதி கல்யாணம்.

"எல்லாரும் வந்துடணும் பாய். ஹஃப்ஸாவுக்கு இன்னா, படிச்ச பொண்ணு, வேலை ஜாஸ்தி இருக்கும். அதை சிரமப்படுத்தாதீங்க."

நயீம் அகமது பத்திரிகையை வாங்கி வைத்தார். மகள் வீட்டில் இருக்கும்போது அவளை விட்டுவிட்டுப் போய் ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியாது. சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. அவர் உடம்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, வந்தது தக்காளி ரசம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"ஒன்னாம் தேதின்னு தானே சொன்னாங்க?"

"வரலைன்னு எழுதிட்டேன்பா. பேச்சு வந்துடுச்சே."

"வந்த பேச்சு இன்னாத்துக்கு வந்துச்சு? சோறு ஆறிப்போச்சுன்னு வந்துச்சா?" என்றார். "பதினோரு வருஷத்துல நம்ம வீட்டு சோறு சூடா இருந்தது அன்னைக்குத்தான். வர்றேன்னு எழுது."

எழுதினாள். அங்கே இன்னும் ஆள் எடுக்கவில்லை. எலும்பு விஷயத்தையும் கடிதத்தில் எழுதியிருந்தாளாம், கணக்கை எங்கே எடுத்தோம் என்று பார்க்கிறவள்தான் எங்களுக்கு வேண்டும் என்று பதில் வந்தது.

முப்பதாம் தேதி காலையில் ஹஃப்ஸா கிளம்பினாள். ஆம்பூர் ஸ்டேஷனில் பத்தரைக்கு வண்டி. அம்மி பயணத்துக்குக் காப்பாக இமாம் ஜாமினைக் கையில் கட்டிவிட்டாள். நயீம் அகமது பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார், வைத்துவிட்டு மறுபடி எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. ஹலீமா பீ படி இறங்கி வந்து ஹஃப்ஸாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி உனக்கு அங்க ரேஸ் இருக்குதா கண்ணு?"

"இருக்குது நானி."

"அல்லா உன்னை நல்லா வைக்கட்டும்," என்றாள் ஹலீமா பீ. அவள் அவ்வளவு மனசாரச் சொல்லி அந்தத் தெரு அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஹஃப்ஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்தாள், வாசலைத் தாண்டி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.