பிறந்தபோது இருந்ததா?

யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடின. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை வந்து சேரவே பாதி நாள் போய்விட்டது. மூன்று மாதக் குழந்தையோடு நானும் மனைவியும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபோது பேசவும் தெம்பில்லை.

குழந்தையின் வலது மேலிமையில் இலந்தைப்பழம் அளவுக்குச் சிவந்த கட்டி. கண் பாதி மூடியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்தினார், வெளுத்தது. விரலை எடுத்ததும் சிவந்தது. குழந்தை அழுதபோது கருத்துப் பருத்தது.

"ரத்தக் குழாய்க் கட்டி. இதுல ரெண்டு விதம் உண்டு. பிறந்தப்பவே இருந்துச்சா?"

"இருந்தது" என்றேன். கிரகணத்தன்று கர்ப்பிணியாக இருந்த மனைவி வாசலுக்குப் போனதால் வந்தது என்று என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கிரகணத்தால் என்றால் வயிற்றிலேயே வந்திருக்க வேண்டும். நான் வேறு யாரையும் விசாரிக்கவில்லை.

அப்படியானால் தானாக வற்றாது என்றார் டாக்டர். கண்ணை மூடிவிட்டால் பார்வை பழகாமலே போய்விடும். மதராஸில் அறுக்க வேண்டும். ரத்தப்போக்கைக் குழந்தை தாங்குமா என்பதற்கு உறுதியில்லை. சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார்.

"பொறந்தப்ப இல்லைங்கய்யா" என்றாள் மனைவி. "பத்து நாள் கழிச்சு சின்னப் புள்ளியா வந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

"இவங்க எங்கிட்டுப் பாத்தாங்க? எங்க ஆத்தா வீட்டுலதான் பொறந்துச்சு. முப்பது நாள் கழிச்சுத்தான் வந்தாங்க."

"பேப்பருக்கு எழுதுறவர்னு சொன்னீங்க. பாக்காததையும் எழுதுவீங்களோ?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

பிறந்தபின் தோன்றி வேகமாக வளரும் கட்டி பெரும்பாலும் தானே வற்றிவிடுமாம், வருஷக்கணக்காகலாம். தினமும் இமையைத் தூக்கிப் பிடித்து, நல்ல கண்ணைச் சிறிது நேரம் மறைத்துப் பழக்க வேண்டும். மாதாமாதம் காட்ட வேண்டும். கண் முழுக்க மூடினால்தான் மதராஸ்.

வெளியே வந்ததும், "இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அத்தை முடிவு கட்டிட்டாங்க. நீங்களும் ஒரு வார்த்தை கேக்கலை."

அம்மா கடைசிவரை கிரகணத்தை விடவில்லை. மனைவி தினமும் இமையைத் தூக்கிப் பிடித்தாள். குழந்தை கைகால் உதைத்துக் கத்தும். கட்டி மேலும் இரண்டு மாதம் வளர்ந்து, பிறகு நின்றது.

எட்டாவது தடவை போனபோது டாக்டர் குழந்தையின் நல்ல கண்ணை உள்ளங்கையால் மறைத்து, தன் கடிகாரச் சங்கிலியை ஆட்டினார். குழந்தை ஒரு கணம் பார்த்தது; எட்டிப் பிடித்து இழுத்தது.

"பாக்குது" என்றார். கட்டி சிறுத்திருக்கவில்லை. நடுவில் மட்டும் சாம்பல் பூத்திருந்தது; வற்றத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளமாம்.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாச் சுவரில் சாய்ந்த மனைவி, அப்படியே தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை.