புகார் அக்கா எழுந்து நிற்கிறார்

தொலைபேசி மணி அடித்ததும் புகார் மேசையில் இருந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். குடிநீர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. எனக்காகத்தான் எழுந்தார் என்று நினைத்து, "பரவாயில்ல, உக்காருங்க மேடம்" என்றேன். உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, ரிசீவரை எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்றார்.

ஐம்பதை நெருங்குகிற பெண். குழாய் சரிசெய்யும் ஃபிட்டர்கள் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் புகார் அக்கா. எந்த வீட்டில் தண்ணீர் நின்றாலும் முதல் வசவு அவர் காதில்தான் விழும். பாதம் இரண்டும் தரையில் பதிய, தோள் விரிய, மோவாய் நேராக நின்று அதை வாங்கிக்கொள்வார். எங்கள் ஊரில் மூட்டை தூக்குகிறவர்கள் பாரம் ஏறுவதற்கு முன் கழுத்தை நிமிர்த்துவார்கள், அதே நிற்பு. போனில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"நான் பாக்கிறேன்ல தம்பி? கூனி உக்காந்தா மனசும் கூனிக்குது. அப்புறம் எதுக்கெடுத்தாலும் 'சரிங்க, சரிங்க'தான் வாயில வருது."

போன மழைக்காலத்தில், எங்கள் அலுவலகத்தின் ஒழுகும் குழாயடியிலேயே வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அந்தக் குழாயைப் பற்றி மட்டும் யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. மாவுக்கட்டோடு திரும்பியவரை, மேலாளர் இரக்கப்பட்டு மெத்தை வைத்த சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். யார் உட்கார்ந்தாலும் புதைந்துபோகும் நாற்காலி. அக்காவும் புதைந்தார். முதுகு வளைந்தது, ரிசீவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது, குரல் வயிற்றுக்குள் போய்விட்டது. 'மன்னிச்சிருங்க சார், சாயங்காலமே வந்துரும் சார்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தார். சாயங்காலம் தண்ணீர் வரவில்லை. ஃபிட்டர்கள்தான் வந்தார்கள், காலில் சேறு காயாமல்.

"அக்கா, நீங்க நின்னா நாங்க வேலை செய்றோம். நீங்க உக்காந்தா நாங்க வீடு வீடா ஓடுறோம்" என்றார் மூத்த ஃபிட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும்தான். மேலாளர் சிரிக்கவில்லை. வாக்கை நம்பி ஏமாந்தவர்களெல்லாம் அவரைத்தான் பிடித்து உலுக்கியிருந்தார்கள். இந்த வாரமும் இப்படியே போனால் அக்காவைப் பின்னறைக்கு மாற்றிப் பழைய கோப்புகளை அடுக்கவிடுவதாகச் சொன்னார். உடம்புக்கும் நல்லதுதானே என்பது அவர் எண்ணம். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"அங்க போனா நான் யார்கிட்ட தம்பி பேசுறது?"

மறுநாள் காலையில் சுழல் நாற்காலி நடைபாதையில் கிடந்தது. ஃபிட்டர்களின் பட்டறையிலிருந்து முதுகில்லாத உயரமான ஸ்டூல் வந்திருந்தது. கட்டுப்போட்ட கால் கவிழ்த்த வாளியின் மேல். தொலைபேசியோ ஒரு மரப்பெட்டியின் மேல், எட்டி எடுத்தால்தான் கைக்கு வரும் உயரத்தில். சாய இடமிருந்தால் சாய்ந்துவிடுவாராம். அதனால் இடமே இல்லாமல் செய்துவிட்டாராம்.

மதியம் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் கூப்பிட்டார். ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்கும் தொண்டை. மேலாளர் வாசலில் வந்து நின்றுகொண்டார். வசவு ஏற ஏற அக்காவின் தோள் இறங்கியது. "மன்னி..." என்று தொடங்கி, நிறுத்தினார். ஒரு கையை மேசையில் ஊன்றினார். முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"இன்னைக்கு வராது சார். பெரிய குழாய் உடைஞ்சிருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரும். வரலைன்னா எனக்கே போன் பண்ணித் திட்டுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் பார்த்தது மேலாளரை.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே தண்ணீர் வந்தது. பின்னறைப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. அதிக நேரம் நிற்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதால், அதே மேசையில், அதே ஸ்டூலில் இருக்கிறார். எதிர்முனையில் குரல் உயரும்போது மட்டும், வாளியிலிருந்து காலை இறக்கி, மேசையில் கை ஊன்றி எழுந்து நிற்கிறார்.