குணு வாளியைத் திறந்து பார்த்த சம்பந்தியம்மா

பெண் பார்க்க வருகிறவர்கள் என்னவெல்லாம் பார்ப்பார்கள்? பெண்ணைப் பார்ப்பார்கள். அவள் நடையைப் பார்ப்பார்கள். ஜன்னல் சீலை சொந்தமா, பக்கத்து வீட்டு இரவலா என்று தொட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. குப்பை வாளியின் மூடியைத் திறந்து பார்த்தவரை மட்டும் நான் அண்மையில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

சொல்கிறேன்… அதற்கு முன் ஒரு விஷயம்.

கரவனெல்லவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். வேலைக்குப் போய் வருகிற பெண். குசினியையும் குப்பை வாளியையும் அதிகம் மெனக்கெடாமல் சுத்தமாக வைத்திருக்க வழி சொல்லுங்கள் அக்கா என்றார். நியாயமான கேள்விதான். இந்த வாரம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் என் வீட்டு லட்சணத்தை வைத்து அதை எழுத முடியாது. நான் பகல் முழுக்க டவுனில் தையல் மெஷினோடு கிடக்கிறேன். வீட்டுக்காரரோ தேத்தண்ணி வடித்த சக்கையை சிங்க்கிலேயே தட்டிவிட்டு, தண்ணீர் ஏன் போகமாட்டேன் என்கிறது என்று என்னிடமே வந்து கேட்கிற மனிதர்.

ஆகவே ஆலோசனை எல்லாம் என் தங்கச்சி மகள் ஷர்மிளாவுடையது. ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில், தங்கச்சி புஷ்பமும் அவளும் மட்டும் இருக்கிறார்கள். தங்கச்சி கொழுந்து எடுக்கிறாள். மகள் தோட்டத்து ப்ரீ ஸ்கூலில் டீச்சர். எங்கள் பக்கத்தில் குப்பை வாளி என்று யாரும் சொல்வதில்லை. சிங்களத்திலிருந்து வந்த ‘குணு’ எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. குணு வாளிதான்.

ஷர்மிளாவின் குணு வாளி ஒரு பழைய பெயின்ட் வாளி. மூடி இறுக்கமாக நிற்கும், அதனால் எலி வராது. அடியில் பேப்பரை மடித்துப் போட்டு, அதன்மேல் அடுப்புச் சாம்பல் ஒரு கை தூவுவாள். ஈரத்தைச் சாம்பல் குடித்துவிடும். நாற்றம் வர வழியில்லை. வாளிக்குள் போவதும் கொஞ்சம்தான். மிஞ்சிய சோறு கோழிக்கு. தேயிலைச் சக்கை மிளகாய்ச் செடிக்கு. மீன் கழிவு வாழை மரத்தடியில், ஆழமாக. மேலாகப் புதைத்தால் விடிவதற்குள் காட்டுப்பன்றி கிண்டிப் போட்டுவிடும். பொலித்தீன் பைகளை அலசிக் காயவைத்துத் தனியாகக் கட்டிவிடுவாள். டவுனுக்கு வருகிற குணு ட்ராக்டர் தோட்டத்துக்கு ஏறாது. அந்தக் கட்டை என்னிடம் தந்து அனுப்புவதும் உண்டு!

ராச்சாப்பாடு முடிந்ததும் வாளியை வெறுமையாக்குவாள். அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைத்திருந்து அதில்தான் முதல் அலசல். மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமக்கிற வீட்டில் வாளி கழுவ வேறு தண்ணீர் எதற்கு? காலையில் வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டு ஸ்கூலுக்குப் போவாள், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் அடுப்படியைத் துடைப்பாள். சும்மா நின்று கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் சீக்கிரம் கொதிக்குமா என்பாள்.

அவ்வளவுதான். கரவனெல்ல வாசகிக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்தது. இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

சம்பந்தம் வந்தது மகேஸ் மூலமாக. புஷ்பத்தின் லயத்திலேயே கடைசிக் காம்பராவில், அந்தக் கோடி அறையில், இருப்பவள். பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, கொடகவெலப் பக்கம் ஒரு புடவைக்கடைக்காரர் வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். சமையல், கூட்டல், கழுவல், எல்லாம் அவள்தான். நம்ம ஆட்கள், நல்ல வசதி, கீழே கடை, மேலே வீடு. அங்கே மூத்த மகன் தினேஷுக்குப் பெண் தேடுகிறார்கள் என்றதும் மகேஸுக்கு ஷர்மிளாவின் ஞாபகம்தான் வந்திருக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு டீச்சர் பிள்ளை இருக்கிறது, தங்கமான பிள்ளை என்று தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறாள். நல்ல மனசு. அந்த நல்ல மனசு அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்தார்கள். கடைக்கார வீடு லயத்தில் பெண் எடுக்க வருவது லேசான காரியமா? புஷ்பத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேசரியும் வடையும் நானே செய்து கொண்டுபோயிருந்தேன். மாப்பிள்ளை நல்ல உயரம், அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் அவருடைய அம்மா. வாய் நிறையச் சிரிப்பு.

பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். செம்பில் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம், நானே பின்னால் போய்க்கொள்கிறேன் என்று விறுவிறுவென்று குசினிக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அடுப்பைப் பார்த்தார். பலகைத் தட்டில் அடுக்கியிருந்த சட்டிகளைப் பார்த்தார். ஒரு சட்டியைக் கவிழ்த்து அடியையும் பார்த்தார். கடைசியில் குனிந்து குணு வாளியின் மூடியைத் திறந்தார். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தே பார்த்துவிட்டார்!

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஷர்மிளாவைக் குசினிக்குக் கூப்பிட்டார்.

“இத தெனம் கழுவுவியாம்மா?”

“ஆமாங்க.”

“பிரஷ் போட்டா, கையாலயா?”

கையால்தான் என்றாள் அவள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தும் அதே பேச்சு. என்ன சுத்தம், என்ன சுத்தம்! ஷர்மிளா என்ன படித்தாள் என்று கேட்கவில்லை. ஸ்கூலில் எத்தனை பிள்ளைகள், அந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடலாம், வீட்டிலேயே எவ்வளவோ வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அது எங்களுக்குச் சலுகை மாதிரிக் கேட்டது. புஷ்பம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பரிசம் போட நாள் குறித்தாயிற்று. புஷ்பம் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் இதே பேச்சாம். சம்பந்தியம்மா எங்கள் குணு வாளியைப் பார்த்தே மயங்கிவிட்டார் என்று! கங்காணி ஐயாகூட விசாரித்தாராம். பரிசச் சேலைக்கு பிளவுஸ் நான்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மகேஸ் என் தையல்கடை வாசலில் வந்து நின்றாள். கையில் பெரிய பேக். என்ன, லீவா என்றேன். உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

“நின்னுக்க சொல்லிட்டாங்க பெரியம்மா. டவுன்ல எங்கயாச்சும் வேல இருந்தா சொல்லுங்க.”

ஏன், என்ன தப்பு நடந்தது என்று கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லையாம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மருமக வருது, இனி எதுக்கு ரெண்டு ஆளுன்னாங்க. கல்யாணம் முடிஞ்சி ஒரு மாசம் இருந்து, புள்ளைக்கு வேலயெல்லாம் காட்டிக்குடுத்துட்டு போன்னாங்க. நான் மாட்டேன்னு வந்துட்டேன். ஷர்மிளாவுக்கு நான் அத எப்புடி காட்டிக்குடுக்க?”

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். ரெண்டு ஆளு! அந்தச் சொல் என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒரு மருமகளை அனுப்புவதாக நினைத்துப் பலகாரம் செய்திருக்கிறோம். அவர்கள் வேலைக்கு ஆள் எடுக்க வந்து, வாளியை மோந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவம் மகேஸ், தன் வேலைக்குத் தானே ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

குறைந்த வேலையில் வீட்டைச் சுத்தமாக வைப்பது எப்படி என்று நாமெல்லாம் கேட்கிறோம். பத்திரிகைகள் எழுதுகின்றன. நானும் எழுதுகிறேன். யாருடைய வேலை என்று யாராவது கேட்கிறோமா? பெரும்பாலான வீடுகளில் வேலை குறைவதில்லை, ஆள்தான் மாறுகிறது. அந்த வீட்டு அம்மாவும் இந்த வழியில்தான் யோசித்திருக்கிறார். சம்பளக்காரி போய் மருமகள் வந்தால் மெனக்கெடல் இன்னும் குறைவு. மருமகள் லீவு கேட்கமாட்டாள், நின்றுகொள்கிறேன் என்றும் சொல்லமாட்டாள்.

அன்று மாலையே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். புஷ்பம் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகும், எல்லா வீட்டிலும் மருமகள்தானே வேலை செய்கிறாள், நீ செய்யவில்லையா, நான் செய்யவில்லையா என்றாள். உண்மைதானே? ஆனால் என்னைப் பார்க்க வந்தவர்கள் எனக்காக இன்னொருத்தியின் வயிற்றில் அடிக்கவில்லை. புஷ்பத்துக்கும் அது தெரியும். பரிசத்துக்குச் சொல்லியாகிவிட்டது, இனி நின்றுபோனால் பிள்ளைக்கு யார் வருவார்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய பயம் எனக்கும் புரிகிறது. லயத்து வாசலில் ஒரு வேன் வந்து நிற்பதற்கு அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாதா?

மகேஸ் அக்கா சாப்பிட்டாச்சா என்று மட்டும் ஷர்மிளா கேட்டாள். பிறகு போனை எடுத்து, எங்கள் முன்னாலேயே தினேஷுக்கு அழைப்பு எடுத்தாள். சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“உங்க வீட்டு குணு வாளி எங்க இருக்குங்க?”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த வீடு. தினமும் சாப்பிட்டு எழுகிற குசினி. வாளி எந்த மூலையில் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நல்லவர்தான், குறை சொல்லக்கூடாது. சொன்னபடியே அம்மாவிடம் கேட்டும் இருக்கிறார்.

மறுநாள் அந்த அம்மா புஷ்பத்துக்கு போன் எடுத்தார். வாய் நிறைந்த சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லையாம். பிள்ளை இப்போதே இப்படிக் கேள்வி கேட்கிறது, வந்த பிறகு எங்களை நிற்கவைத்துக் கேட்கும், இது சரிவராது என்று வைத்துவிட்டார். ஷர்மிளா வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னாலேயே அவர்கள் முந்திக்கொண்டார்கள். எனக்கு அந்த ஒரு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அதைக்கூட இவளைச் சொல்லவிடவில்லையே!

அதோடு விட்டார்களா? சம்பந்தம் ஏன் தட்டிப்போனது என்று நாலு பேர் கேட்பார்களே, அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டாமா? கொடகவெலப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் பாவாடை தைக்க வந்தாள். நான் பிள்ளையின் பெரியம்மா என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் புடவைக்கடை வீட்டுச் சம்பந்தம் நின்றுபோனதே, தெரியுமா என்று ஆரம்பித்தாள். பிள்ளை பரவாயில்லையாம். ஆனால் வீடு சுத்தமில்லையாம்.

“லயத்து வீடு தானே, குசினிக்குள்ள கால் வைக்க முடியலையாம்ங்க.”

மோந்து பார்த்த மூக்கு அதே மூக்குதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கடைக்கார வாயென்றால் அண்டா மூடியும் போதாது. நாம் எவ்வளவு தேய்த்தாலும் சிலருடைய கண்ணுக்கு லயம் லயம்தான். வேலைக்கு ஆள் தேவை என்றால் அதே லயம் தங்கமாகத் தெரியும், தேவை முடிந்தால் நாறும். அந்தப் பாவாடையைக் கோணலாகத் தைத்துக் கொடுக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. தைக்கவில்லை. அவள் என்ன செய்வாள்?

நான் சொல்லாமல் விட்டிருந்தாலும் அந்தப் பேச்சு தோட்டத்துக்கு ஏறிவிட்டது. குணு ட்ராக்டர்தான் ஏறாது, இதெல்லாம் நன்றாக ஏறும். போன ஞாயிறு நான் போனபோது புஷ்பம் பீலியடியில் குந்தியிருந்தாள். குணு வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய்த் தும்பும் சாம்பலும் வைத்து, உள்ளும் புறமும், மூடியும் பிடியும். கழுவிக் கவிழ்த்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி தேய்த்தாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நின்றார்கள். நான் கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. வீடு சுத்தமில்லையாமே அக்கா என்று, என்னைப் பார்த்த பிறகு, அது ஒன்றைத்தான் சொன்னாள்.

ஷர்மிளா கீழே இறங்கி வந்தாள். தாயின் கையிலிருந்து தும்பை வாங்கி எறிந்தாள். வாளியை எடுத்துக்கொண்டாள்.

“போதும்மா. இது சுத்தமாத்தான் இருக்கு.”

புஷ்பம் அப்போதுதான் அழுதாள். நானும்தான், மறைப்பானேன்? ஷர்மிளா அழவில்லை. வாளியை வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டு, மகேஸின் காம்பராவுக்கு மதியச் சோறு கொண்டுபோனாள். மகேஸுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. டவுனில் நான்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கரவனெல்ல வாசகிக்கு ஒரு ஆலோசனையைச் சொல்ல மறந்துவிட்டேன்: குசினி சுத்தமாக இருக்கவேண்டும் என்றால், அதற்குள் யாரை விடுகிறோம் என்று முதலில் பாருங்கள்.