நலம் விசாரிப்பவர்கள்

சிட்லபாக்கத்தில் குடியேறிய மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கிணற்றுக்குப் போனேன். ஒரு குடம் நிறைவதற்குள் அங்கிருந்த பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க, வீட்டுக்காரர் என்ன வேலை, குழந்தை ஒன்றுதானா, ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள்? கேட்டவர்களின் முகத்தில் வஞ்சகம் எதுவும் தெரியவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பாதிக் குடத்தோடு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஏழு வயது ரீட்டா, "ஏம்மா பகல்ல தாழ்ப்பாள் போடுற?" என்று கேட்டாள். அவளும் கேள்வி கேட்கிறாளே என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது.

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியிலும் திருச்சியிலும் இன்னும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊரை விட்டே போகாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். நாங்கள் விட்டு வந்த ஊரில், கடைசிச் சில வருடங்களில், கேள்வி கேட்கிறவர் யாருக்காகக் கேட்கிறார் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வோம். வந்து சேர்ந்தது சொந்த நாடு, பேசுவது தாய்மொழி என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பிறந்தது ரங்கூனில். என் அப்பா தூத்துக்குடியிலிருந்து போனவர். எனக்குத் தமிழ்நாடு என்பது அவர் சொன்ன கதைதான்.

கெம்மண்டைன் பகுதியில் நம் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. என் கணவர் டைபாய்டில் இறந்த பிறகு, அடுத்த வீட்டு பர்மிய அம்மா மா தின் எனக்கு ஒரு சகோதரியைப் போல இருந்தாள். காலையில் மீன்சாற்றில் சேமியா போட்டு மொய்ங்கா செய்தால் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் நலம் விசாரிப்பாள். மாமனாரின் கடை எப்படி நடக்கிறது, சரக்கெல்லாம் எங்கே வைத்திருக்கிறார், ஊருக்குப் போகிற எண்ணம் உண்டா? நான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது என்று. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ராணுவ அரசாங்கத்தார் கடையை எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் பின்கட்டில் சரக்கு இருந்த அறைக்கு யாரையும் வழி கேட்காமல் நேராகப் போனார்கள். மா தின்தான் சொன்னாளா? இன்றுவரை தெரியாது. பிறகு பள்ளியும் போயிற்று. அந்தக் கிண்ணத்தில் நான் பிறகு எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை.

ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு விதி எழுதாதே என்று கரும்பலகை முன்னால் நின்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். கல்வி அப்படித்தான் சொல்லும். அனுபவத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு முறை சுட்டால் போதும், உடனே சட்டம் எழுதிக் கையில் கொடுத்துவிடும். அன்பாகக் கேட்பவரை நம்பாதே. இந்த ஒரு வரியோடுதான் நான் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினேன்.

ஆகவே அடுத்த வீட்டு எஸ்தர் டீச்சர் முதல் நாள் மாலையே ஒரு தூக்கில் சாம்பாரோடு வந்து நின்றபோது, நான் கதவைப் பாதிதான் திறந்தேன். தாம்பரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்ப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கழுத்தில் தாலிச் சங்கிலி இருந்தது. வீட்டில் ஆண் யாரும் இல்லை. வெள்ளைப் புடவை, இறுக்கிய கொண்டை. சோப்பு வாசனை வரும் சுத்தமான மனுஷி. "எதுவும் வேணும்னா கூச்சப்படாம கேளுங்க, நாமெல்லாம் ஒரே சபை மாதிரிதானே" என்றார். நாங்கள் கத்தோலிக்கர், அவர் வேறு சபை. இருந்தும் ஒரே சபையாம். பேசும்போது அவர் கண் என்மேல் இல்லை. ரீட்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார் பர்மியப் பெண். ரீட்டாவுக்கு அவரைப் போலவே கீற்றுக் கண்கள்.

"ரங்கூன்ல எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"ஊருக்கு வெளியே."

"வீட்டுக்காரர்?"

"இல்லை."

"இல்லைன்னா… வரலையா?"

"இல்லை என்றால் இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். இறந்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கெட்டியாக இருந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் கோவளம் பக்கத்திலிருந்து தேசம்மா என்ற பெண் கூடையில் மீன் கொண்டுவருவாள். அவள் பேசும் தமிழில் பாதிதான் எனக்குப் புரியும். ஒரு நாள் வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, "ஒரே பேஜாரா கீதும்மா" என்றாள். பஜாரைச் சொல்கிறாள் என்று நினைத்து, "எந்த பஜார்? தாம்பரமா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். அதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை.

"உன் வூட்டு கொடியில டெய்லி கைலி காயுதாமே. ஆம்பள ஆரு கீறாங்க, எப்ப வராங்க எப்ப போறாங்கன்னு டீச்சரம்மா என்னாண்ட கேட்டுகினே கீறாங்க. இன்னா யம்மா சமாச்சாரம்?"

அந்தக் கைலி என்னுடையது. பர்மாவில் பெண்களும் இடுப்பில் கட்டுவதுதான். வீட்டுக்குள் எனக்குப் புடவையைவிட அதுதான் சுகம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. என் வீட்டுக் கொடியைக் கண்காணிக்கிறார்கள். யாருக்காக? அன்றிலிருந்து துணியை உள்ளறையில் காயப்போட்டேன். அது டீச்சரின் சந்தேகத்தை எவ்வளவு வளர்த்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

இதற்கிடையில் அவர் தம் பள்ளியில் ஒரு ஆசிரியை பிரசவ விடுப்பில் போவதாகவும், அந்த இடத்துக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் பேசியிருப்பதாகவும் வந்து சொன்னார். என் பர்மிய ஆசிரியப் பயிற்சியை இங்கே எந்தப் பள்ளியும் மதிக்கவில்லை. வீட்டில் டியூஷன் சொல்லிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலை தேவை, மிகவும் தேவை. ஆனாலும் முடியாது என்றேன். தெரியாத ஒருத்திக்காகச் சும்மா எதற்கு ஒருவர் பரிந்து பேசவேண்டும்? இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று மனம் அடித்துச் சொன்னது. அது சொன்னது சரிதான் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது எஸ்தர் டீச்சர் தரையில் உட்கார்ந்து ரீட்டாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னிக்கொண்டே, மிக மெதுவாக, "உங்கப்பா பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், என்னால் பொறுக்க முடியவில்லை. ஈரக் கையோடு போய்க் குழந்தையை இழுத்துக்கொண்டேன். "யார் அனுப்பி வந்திருக்கீங்க? எங்ககிட்ட எடுக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

டீச்சர் எழுந்திருக்கவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னை யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. இது தேவசகாயத்தோட குழந்தையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, கோபத்தில் பெட்டியைத் திறந்து என் கல்யாணப் போட்டோவை எடுத்து அவர் மடியில் போட்டேன். "இவர்தான் என் வீட்டுக்காரர். செத்துப் போயிட்டார். கொடியில காஞ்சது என் கைலி. போதுமா?"

அவர் போட்டோவை நெடுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை அடங்கிய பிறகு சொன்னார். தேவசகாயம் அவர் கணவர். கல்யாணமாகி ஒரு வருடத்தில் ரங்கூனுக்கு மர மில்லில் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். சில காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. கப்பல்கள் வரத் தொடங்கியதிலிருந்து, தாம்பரம் வட்டாரத்தில் யார் பர்மாவிலிருந்து வந்தாலும் போய்ப் பார்ப்பார். இந்த முறை அடுத்த வீட்டுக்கே ஒருத்தி வந்தாள். புருஷன் எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறாள். கீற்றுக் கண்ணோடு ஒரு குழந்தை, கொடியில் ஒரு கைலி. நான் அவரை ஒற்றர் என்று நினைத்த நாட்களில், அவர் என்னைச் சக்களத்தி என்று நினைத்துச் சாம்பார் கொண்டுவந்திருக்கிறார்.

"கெம்மண்டைன் மில்லுன்னு கடைசியா எழுதியிருந்தார். உங்களுக்குத் தெரியுமா அவரை?"

எனக்குத் தெரியும். தேவசகாயத்தின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவளுக்கு ஒரு தம்பி உண்டு. தாய் பர்மியப் பெண். பள்ளி ஆண்டு விழாக்களில் நால்வரும் ஒன்றாக வந்து முன்வரிசையில் உட்காருவார்கள்.

நான் கற்ற கல்வி, கேட்ட கேள்விக்கு உண்மையான விடையைச் சொல் என்றது. பட்ட அனுபவம், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் எதையும் சொல்லாதே, குடும்பங்கள் அப்படித்தான் அழிகின்றன என்றது. இரண்டும் என்னிடம் ஒரு நாளும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தியதில்லை. ஆனால் என் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர் பல வருடங்களாக விதவையாகவும் இல்லாமல் மனைவியாகவும் இல்லாமல் தாலி அணிந்திருந்தவர். நான் சொல்லிவிட்டேன்.

டீச்சர் ரீட்டாவின் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு கணக்கு நல்லா போடுமா?"

"நல்லா போடும். வகுப்புல முதல்."

"அவர் மாதிரி" என்றார். "எனக்குக் கணக்கே வராது."

அடுத்த வாரம் அந்த விடுப்பு இடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதற்குப் பிந்திய ஒரு கோடையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த தேவசகாயத்தின் அண்ணன் வந்து, தம்பி கப்பலில் வருவதாகச் சொன்னார். டீச்சர் என்னிடம் வந்தார். "நீங்களும் என்கூட வாங்க. அவர் சொல்றது நிஜமா பொய்யான்னு தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும்." தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, துறைமுகத்துக்கு நடந்தோம்.

தேவசகாயம் மெலிந்து, கன்னம் ஒட்டி, ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். டீச்சரைக் கண்டதும் கண் கலங்கி, "இத்தனை வருஷம் தனியா கிடந்து சீரழிஞ்சுட்டேன் எஸ்தர்" என்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா…" என்று வாய் தானாகச் சொன்னது. முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்துபோயிற்று.

எஸ்தர் டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "பிள்ளைங்கள யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"அவங்க அம்மாகிட்ட. அவங்க அந்த நாட்டுப் பிரஜைங்க, வர முடியாது. என்னை இருக்க விடல." பிறகு நிஜமாகவே அழுதார். அந்த அழுகையை நான் நம்பினேன். ஆனால் யாருக்காக அழுதார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"உங்க அண்ணன் வெளிய நிக்கிறார். அவரோட போங்க" என்றார் டீச்சர்.

அவர் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் பக்கம் உட்காருவார், டீச்சர் பெண்கள் பக்கம். டீச்சர் அவரை வீட்டுக்குள் சேர்த்ததில்லை, தாலியைக் கழற்றியதும் இல்லை. ஒன்று மட்டும் செய்தார். மாதம் தவறாமல் ஆராதனை முடிந்ததும் அவரை நிறுத்தி, "பிள்ளைங்களுக்கு எழுதினீங்களா?" என்று கேட்பார். எழுதவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து எழுதவைப்பார். பதில் எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. என்னை வழியில் காணும்போதெல்லாம் தேவசகாயம் குடையைத் தாழ்த்திக்கொண்டு போவார். நான் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளை ஒரு முறை சரிபார்ப்பேன்.

ரீட்டா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "படிச்சவதானேம்மா நீ, எல்லாரையும் ஏன் இப்படிச் சந்தேகப்படுற?" என்று கேட்கிறாள். படிப்பு எனக்கு ஐயப்படக் கற்றுக்கொடுத்தது. ஆனால் ஐயப்பட்ட பிறகு போய் விசாரித்துத் தெரிந்துகொள் என்றும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அனுபவம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இதை அவளுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினாள், ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருந்துதான் ஆட்டியிருப்பாள்.

அன்று துறைமுகத்தில் நடந்த இன்னொன்று மிச்சம் இருக்கிறது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளட்டும் என்று நான் சற்று விலகி நின்றேன். கப்பலிலிருந்து வந்தவர்களையும் காத்திருப்பவர்களையும் பிரித்து ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண், இடுப்பில் மூட்டையோடு, ரயில் எங்கே ஏறுவது என்று எல்லாரையும் பர்மிய மொழியில் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் புரியவில்லை. நான் குனிந்து கயிற்றைக் கடந்து போய் அவளுக்குப் பர்மிய மொழியில் வழி சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரப் பார்த்தபோது ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"ஏம்மா, பேப்பரைக் காட்டாம எங்க போற? வந்தவங்கல்லாம் அந்த லைன்ல நில்லு."

"நான் தாம்பரத்திலிருந்து வருகிறேன்" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு அந்த பாஷை பேசினு கீறே?"

எஸ்தர் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அவங்க எங்க ஸ்கூல் டீச்சர் சார், எங்களோட வந்தவங்க" என்று சொல்லிக் கயிற்றுக்கு மேலாக என் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். மறு கையை அந்தப் பெண் விடவில்லை. இரண்டு பக்கமும் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. கயிறு என் வயிற்றில் அழுந்த, நான் எந்தக் கையையும் உதறாமல் அங்கேயே நின்றேன்.